வேட்டைக் கோலத்து மெய்யன்பர்: கண்ணப்ப நாயனார் திருவரலாறு

தை மாதம் பிறந்துவிட்டால் பினாங்கு வாழ் தமிழர்தம் உள்ளமெல்லாம் தண்ணீர்மலையை நோக்கித் திரும்பிவிடுகின்றது. காவடிக்கு மயிற்பீலி சேர்ப்பாரும், விரதம் தொடங்குவாரும், தண்ணீர்ப் பந்தலுக்கு இடம் பார்ப்பாரும், வெள்ளி இரதம் வரும் வீதியில் தேங்காய் குவிப்பாருமாக நம் ஜார்ஜ் டவுன் மாநகரே ஒரு திருக்கோயில் முற்றமாக மாறுகின்றது. இத்தனை பரபரப்பிற்கும் இடையே, பெரும்பாலான ஆண்டுகளில் தைப்பூசத்திற்கு மூன்று நாட்களுக்கு முன்னர் ஒரு திருநாள் ஓசையின்றி வந்து செல்கின்றது. தை மாதத்து மிருகசீரிட நட்சத்திரம் கூடிய அந்நாளே கண்ணப்ப நாயனாரின் குருபூசைத் திருநாள் ஆகும்.

மிருகசீரிடம் என்னும் வடசொல்லுக்கு மானின் தலை என்பது பொருள். வில்லெடுத்து மான் வேட்டையாடிய குலத்தில் தோன்றிய ஓர் அடியாருக்கு மான்தலை நட்சத்திரமே குருபூசை நாளாக வாய்த்தது எண்ணி மகிழத்தக்கது. குமரவேளின் அருளால் பிறந்து, குமரவேளின் தந்தையாகிய சிவபெருமானுக்குக் கண்ணளித்த அப்பெரியாரின் வரலாற்றைத் தைப்பூசக் காலத்தில் சிந்திப்பது நமக்கு மிகவும் பொருத்தமாகும்.

சமய வகுப்புகளில் இவ்வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். கோயிலுக்குள் செருப்பணிந்து செல்லலாகாது என்று நமக்குக் கற்பிக்கின்றீர்களே, செருப்புக் காலால் சாமியின் மேலிருந்த பூவைத் தள்ளியவரை மட்டும் நாயனார் என்று கும்பிடுகின்றோமே, இது எப்படி என்பதே அக்கேள்வி. இது நேர்மையான கேள்வி. இதற்கு விடை கூறாமல் கடந்து செல்வது முறையன்று. அந்த விடை, நாயனார் வேட்டைக்கு அணிந்து சென்ற கோலத்திலேயே அடங்கியிருக்கின்றது.

வரலாறு கூறும் நூல்கள்

கண்ணப்பரின் காலம் இன்னதென்று அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை. எனினும் 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் தம் பதிகங்களில் அவரைப் போற்றியிருப்பதால், அவர்களுக்கும் முற்பட்டவர் என்பது தெளிவு. சுந்தரமூர்த்தி நாயனார் தம் திருத்தொண்டத் தொகையில் அவரை வணங்கினார். மாணிக்கவாசகர் அவருடைய அன்பை எண்ணி உருகினார். நக்கீரதேவ நாயனாரும் கல்லாடதேவ நாயனாரும் அவருக்கெனத் தனித்தனியே பாடிய நூல்கள் பதினோராம் திருமுறையில் இடம்பெற்றுள்ளன. 12ஆம் நூற்றாண்டில் தெய்வச் சேக்கிழார் பெருமான் தாம் அருளிய பெரியபுராணத்தில், இலை மலிந்த சருக்கத்து மூன்றாம் வரலாறாக இதனை விரித்துரைத்தார். அறுபத்து மூவர் வரலாறுகளுள் வேட்டையும் வேட்டுவர் வாழ்வும் இத்துணை விரிவாகப் பேசப்படுவது இவ்வொன்றில்தான்.

உடுப்பூரில் உதித்த திண்ணனார்

இன்றைய ஆந்திர மாநிலப் பகுதியில் முற்காலத்தில் பொத்தப்பி நாடு என்றொரு மலைநாடு இருந்தது. அதன்கண் உடுப்பூர் என்பது வேடர் வாழும் ஊர். வார்வலைகளும் வேட்டை நாய்களும் வில்லும் வேலும் நிறைந்த அவ்வூருக்குத் தலைவன் நாகன். அவன் மனைவி தத்தை. வீரத்திலும் செல்வத்திலும் குறைவில்லாத அவ்விருவருக்கும் நெடுங்காலம் மகப்பேறு இல்லாத குறை ஒன்றே இருந்தது. அக்குறை தீரத் தம் குலதெய்வமாகிய முருகப்பெருமானின் சந்நிதியில் சேவலும் மயிலும் விட்டு, வெறியாட்டு எடுத்து, நாள்தோறும் வேண்டினர். ஆறுமுகன் அருளால் தத்தை கருவுற்று ஆண்மகவை ஈன்றாள்.

தந்தையாகிய நாகன் குழந்தையைக் கையில் ஏந்தியபோது அது திண்ணென்று கனத்தது. அதனால் திண்ணன் என்றே பெயரிட்டான். மலைநாட்டு வழக்கப்படி புலிப்பல் கோத்த தாலியும் பிறவும் பூண்டு அப்பிள்ளை வளர்ந்தது. ஒருநாள், வேட்டைக்கென்று பழக்கி வைத்திருந்த புலியொன்றின் திறந்த வாயைக் குகையென்று எண்ணிப் பிள்ளை தன் கையை உள்ளே நீட்டியது. கண்ட தந்தை பதறித் தழையொன்றை ஓங்கி மிரட்டவே, குழந்தையின் கண்களில் நீர் பெருகிற்று. தாய் முத்தமிட்டு அக்கண்ணீரை மாற்றினாள். இச்சிறு நிகழ்ச்சியைக் கூறும்போதே சேக்கிழார் பெருமான், பின்னாளில் இறைவனின் கண்ணோய் தீர்க்கப்போகும் கண்கள் இவை என்று குறிப்பாக உணர்த்திவிடுகின்றார்.

வில் பிடித்த விழா

வில் பிடிக்கும் பருவம் வந்ததும் நாகன் நன்னாள் பார்த்தான். மலைநாட்டு வேடரெல்லாம் திரண்டு வந்தனர். முதலில் வில்லுக்குச் சிறப்புச் செய்தனர். பின்னர்ப் புலி நரம்பினால் செய்த காப்பினைத் திண்ணனாரின் முன்கையில் கட்டினர். திருவிழாவின் தொடக்கத்தில் நம் கோயில்களில் காப்புக் கட்டிக்கொண்டு, விழா நிறைவுறும் வரை அதனைக் கழற்றாது காக்கும் அன்பர்கள் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தொழில் எதுவாயினும் அதனைத் தெய்வத்தின் முன் தொடங்குவதும், தொடங்கியதன் அடையாளமாகக் கையில் காப்பு அணிவதும் நம் முன்னோர்க்குப் பொதுவான மரபாக இருந்தன. ஊரெங்கும் விருந்தும் ஆடலும் பாடலுமாக வில்விழா நிகழ்ந்தது. அதன் பின் திண்ணனார் ஆசான்மாரிடம் முறையாகப் பயின்று, வில்லும் பிற படைக்கலங்களும் கைவந்தவராய்ப் பதினாறு வயதை அடைந்தார்.

அக்காலத்தில் நாகன் முதுமையுற்று வேட்டைக்குச் செல்ல இயலாதவனானான். அதனால் காட்டு விலங்குகள் பெருகித் தினைப்புனங்களை அழித்தன. குடிகள் வந்து முறையிட்டனர். இங்கு நாம் கருதவேண்டுவது ஒன்றுண்டு. அவ்வேடர்களுக்கு வேட்டை என்பது பொழுதுபோக்கன்று. உணவும், பயிர்க்காவலும், தலைவன் குடிகளுக்கு ஆற்ற வேண்டிய கடமையும் அதுவேயாகும். நாகன் தன் மகனை அழைத்துத் தலைமையை அவர்பால் ஒப்புவித்தான். அதற்கு அடையாளமாக அவன் அளித்தவை உடைதோலும் சுரிகை என்னும் உடைவாளுமே. முடிசூட்டிக்கொள்ளும் மன்னர்க்கு மகுடம் எப்படியோ, அப்படியே வேடர் தலைவனுக்கு வேட்டை உடை. வனதெய்வங்களுக்குப் பூசையிடும் தேவராட்டி என்னும் மூதாட்டி வந்து, தந்தையைக் காட்டிலும் மகன் மேம்படுவான் என்று வாழ்த்திச் சென்றாள்.

கன்னி வேட்டைக்குப் புனைந்த கோலம்

மறுநாள் விடியலில் திண்ணனார் தம் முதல் வேட்டைக்குக் கோலம் புனைந்தார். சேக்கிழார் பெருமான் அக்கோலத்தைத் தலைமுதல் அடிவரை ஒன்றும் விடாது காட்டுகின்றார்.

சுருண்ட தலைமயிரை மேலே தூக்கி முடித்துத் தளிர்மாலை சுற்றி, அதனிடையே மயிற்பீலி செருகினர். முல்லையும் குறிஞ்சியும் வெட்சியும் அதன்மேல் சூட்டினர். நெற்றியில் குன்றிமணி சேர்த்த மயிர்க்கயிறு கட்டினர். காதுகளில் வெண்சங்குத் தோடு. கழுத்தில் வெண்சோழி மாலையும், பிறைத்துண்டு போன்ற பன்றிக் கொம்புகள் இடையிட்ட மணிமாலையும், புலித்தோலால் அமைந்த சன்னவீரமும். தோளில் வளையம். வில்லேந்தும் முன்கையில் நாண் வந்து அடிக்காதபடி காக்கும் கைக்கட்டு. இடையில் தோலாடை. அதன் விளிம்பெங்கும் கடற்சோழி. அதன்மேல் வாரினால் இறுகக் கட்டிய சுரிகை. காலில் வீரக்கழல். பாதத்தில் தோற்செருப்பு.

இவற்றுள் அழகுக்கென்று அமைந்தவையும் உண்டு. தொழிலுக்கென்று அமைந்தவையும் உண்டு. விற்பயிற்சி உடையோர் இதனை எளிதில் உணர்வர். தழைந்து கிடக்கும் கூந்தல் நாணில் சிக்கும். ஆதலால் முடித்துக் கட்டவேண்டும். அம்பை விடுத்தவுடன் நாண் முன்கையைச் சுரீரென்று தாக்கும். ஆதலால் கைக்கட்டு வேண்டும். நெகிழ்ந்த உடை முள்ளில் மாட்டும். ஆதலால் தோலை இறுகக் கட்டவேண்டும். கல்லும் முள்ளும் நிறைந்த மலையில் விலங்கைத் துரத்தி ஓட வேண்டும்; ஆதலால் செருப்பு வேண்டும். இன்றும் உலகெங்கும் வில்லெய்வோர் முன்கைக்குத் தோற்கட்டு அணிகின்றனர். காடு மாறினாலும் கருவி மாறினாலும், தொழிலுக்கு ஏற்ற உடை என்பது எங்கும் உள்ள நியதியேயாகும்.

கோலம் முடிந்ததும் திண்ணனார் தம் பெருவில்லை வலம் வந்து வணங்கினார். பின் அதனைக் காலில் மடித்து ஊன்றி நாணேற்றினார், நாணொலி எழுப்பினார், தக்க அம்புகளைத் தெரிந்துகொண்டார். உடுத்திய உடையையும் எடுத்த கருவியையும் வணங்கத்தக்கவையாகக் கருதிய அம்மனப்பான்மை, ஆயுத பூசையன்று தத்தம் தொழிற்கருவிகளுக்குப் பொட்டிடும் நமக்குப் புதியதன்று.

அறவழிப்பட்ட வேட்டை

வேடர் படை காட்டைச் சூழ்ந்தது. விலங்குகள் தப்பாதபடி நெடுந்தொலைவு வார்வலை கட்டினர். பறையும் கொம்பும் முழங்க, நாய்களை அவிழ்த்து விட, பதுங்கியிருந்த விலங்குகள் எழுந்து ஓடின. பன்றியும் மானும் கரடியும் புலியும் அம்புக்கு இரையாயின. ஆயினும் அவ்வேடர்கள் ஒரு வரம்பைக் கடக்கவில்லை. யானைக் கன்றைப் பின்தொடரவில்லை. சிறு குட்டிகளைக் கொல்லவில்லை. கருவுற்று அடிதளர்ந்த பெண்விலங்கை வருத்தவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புக்கென்று இக்காலத்து அரசுகள் சட்டம் இயற்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, எழுதப்படாத அறமொன்று அம்மலைநாட்டில் நின்று நிலவியதைப் பெரியபுராணம் பதிவு செய்துள்ளது. கொலைத்தொழில் புரிவோர் எனப்பட்ட அம்மக்களிடத்தும் இரக்கம் இருந்தது. அந்த இரக்கமே திண்ணனாரிடம் பின்னர்ப் பேரன்பாகப் பொங்கி எழுந்தது.

அவ்வேளையில் ஒரு காட்டுப்பன்றி வலைகளை அறுத்துக்கொண்டு ஓடிற்று. திண்ணனார் அதனைத் தொடர்ந்து ஓடினார். நாணன், காடன் என்னும் இருவர் மட்டுமே அவருக்கு ஈடுகொடுத்துப் பின்வந்தனர். நெடுந்தூரம் ஓடிக் களைத்த பன்றி மலைச்சாரலில் ஒரு மரநிழலில் நின்றது. திண்ணனார் அம்பு எய்யாமல் நெருங்கிச் சென்று சுரிகையால் அதனை இரு துண்டாக்கினார். பசியும் நீர்வேட்கையும் மிக, மூவரும் பொன்முகலி ஆற்றை நோக்கி நடந்தனர். வழியில் திருக்காளத்தி மலை தோன்றியது. அம்மலையில் குடுமித்தேவர் எழுந்தருளியிருக்கின்றார், கும்பிடலாம் என்று நாணன் கூறினான். அச்சொல்லைக் கேட்டது முதல், தம்மேல் ஏறியிருந்த பாரம் ஒன்று படிப்படியாகக் குறைவது போலத் திண்ணனார் உணர்ந்தார். காடனைத் தீக்கடைந்து பன்றியைப் பக்குவம் செய்யச் சொல்லி, நாணனுடன் மலையேறினார்.

வில் நழுவியது

மலைமீது சிவலிங்கத் திருமேனியைக் கண்ட அக்கணமே திண்ணனார் ஓடித் தழுவினார், முத்தமிட்டார், கண்ணீர் சொரிந்தார். காப்புக் கட்டி விழா எடுத்துப் பெற்ற வில், வலம் வந்து வணங்கி ஏந்திய வில், கையினின்று நழுவி விழுந்தது. விழுந்ததையும் அவர் உணரவில்லை. வேடனுக்கு வில் நழுவுவது உயிர் நழுவுவதற்கு ஒப்பாகும். அன்பு மிகுந்த இடத்தில் அதுவும் நிகழ்ந்தது.

அடுத்து அவர் உள்ளத்தில் எழுந்தது வரம் கேட்கும் எண்ணமன்று, கவலை. கரடியும் புலியும் திரியும் காட்டில் இவர் துணையின்றித் தனியே இருக்கின்றாரே என்னும் கவலை. பசித்திருப்பாரே என்னும் கவலை. திருமேனியின்மேல் இலையும் பூவும் நீரும் கண்டு, இவ்வாறு செய்தவர் யாரென்று வினவினார். முன்பு உன் தந்தையோடு வந்தபோது அந்தணர் ஒருவர் நீராட்டி, இலையும் மலரும் சூட்டி, உணவு படைத்ததைக் கண்டேன் என்று நாணன் தெரிவித்தான். வழிபாடு என்பதற்குத் திண்ணனார் பெற்ற உபதேசம் அவ்வளவே.

உடனே மலையிறங்கினார். காடன் பக்குவப்படுத்திய இறைச்சியுள் நல்லதைச் சுவைத்துப் பார்த்துத் தெரிந்து தேக்கிலைக் கல்லையில் இட்டார். ஒரு கையில் அக்கல்லை, மறு கையில் வில்லும் அம்பும். நீர் எடுக்கக் கலமில்லை, வாயே கலமாயிற்று. பூ எடுக்கக் கூடையில்லை. வேட்டைக்கென்று முடித்த குடுமியே கூடையாயிற்று. தோழர் இருவரும் இவருக்குப் பித்துப் பிடித்ததென்று அஞ்சி, நாகனுக்குச் சொல்ல ஊர் திரும்பினர். திண்ணனார் தனியே மலையேறினார். இரு கையும் நிறைந்திருந்தமையால் முன்னிருந்த மலர்களைச் செருப்பணிந்த பாதத்தால் விலக்கினார். வாய்நீரை உமிழ்ந்து திருமஞ்சனம் ஆட்டினார். குடுமியிலிருந்த பூவைத் திருமுடிமேல் சொரிந்தார். இறைச்சியை முன்வைத்து உண்ணுமாறு வேண்டினார். இரவு வந்தது. கொடிய விலங்கு அணுகாதபடி வில்லேந்தி விடியும் வரை கண்ணுறங்காது காவல் நின்றார்.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். வேட்டைக்கென்று புனைந்த கோலத்தில் ஒன்றையும் அவர் களையவில்லை. வழிபாட்டுக்கென்று புதிதாக ஒன்றையும் அணியவில்லை. முல்லையும் வெட்சியும் சூடியிருந்த குடுமி இறைவனுக்குப் பூச்சுமந்தது. விலங்கைத் துரத்திய செருப்பு நிருமாலியம் களைந்தது. உயிர் பறித்த வில் ஆண்டவனுக்குக் காவல் நின்றது. உடையும் கருவியும் மாறவில்லை. அவை யாருக்காக என்பது மட்டும் மாறிற்று.

சிவகோசரியாரின் துயரம்

காலையில் திண்ணனார் வேட்டைக்குச் சென்றபின், ஆகமம் கற்ற சிவகோசரியார் பூசைக்கு வந்தார். சந்நிதியில் இறைச்சியும் எலும்பும் கண்டு துடித்தார்; அழுதார். எல்லாவற்றையும் நீக்கித் தூய்மை செய்து, மீண்டும் பொன்முகலியில் நீராடிப் பிராயச்சித்தம் புரிந்து, முறைப்படி பூசித்துச் சென்றார். அவர் சென்றதும் திண்ணனார் தேன் கலந்த இறைச்சியோடு வந்து, அம்மலர்களை விலக்கித் தம் பூசையைச் செய்தார். நாகனும் தேவராட்டியும் வந்து அழைத்தும் அவர் மனம் திரும்பவில்லை. இவ்வாறு ஐந்து நாட்கள் கழிந்தன.

சிவகோசரியாரின் துயரம் பொய்யானதன்று. தம் தெய்வத்தின் சந்நிதி தூய்மை கெடுவதைக் கண்டு வருந்துவது அன்பின் இயல்பேயாகும். அவர் வேண்டுகோளுக்கு இரங்கி இறைவன் கனவில் தோன்றினார். வந்தவனை வெறும் வேடன் என்று எண்ணற்க, அவன் வடிவமே நம்மிடத்து அன்பு என்று உணர்த்தினார். அவன் வாயினின்று வரும் நீர் கங்கையினும் தூயது எனவும், நான்முகனும் திருமாலும் சூட்டும் மலர்கள் அவன் குடுமி மலருக்கு ஒவ்வா எனவும் கூறினார். நிருமாலியம் விலக்கிய செருப்படி, தம் இளமகனாகிய குமரனின் சேவடி தம்மேல் படுவதினும் இனிது எனவும் அருளினார். முருகன் அருளால் பிறந்த பிள்ளையின் செருப்படி, முருகனின் சிற்றடியினும் உயர்ந்ததென்று முருகனின் தந்தையே சொன்னால், அதற்குமேல் சான்று வேண்டுவதில்லை. நாளை மறைந்திருந்து காண்க என்று பணித்து இறைவன் மறைந்தார்.

ஆறாம் நாள்

ஆறாம் நாள் திண்ணனார் வரும் வழியில் தீய நிமித்தங்கள் தோன்றின. விரைந்து வந்து பார்த்தார். இறைவனின் திருக்கண் ஒன்றிலிருந்து குருதி பெருகிக்கொண்டிருந்தது. வாய்நீர் சிந்தியது, இறைச்சி சிதறியது, வில்லும் அம்பும் மீண்டும் கையினின்று விழுந்தன. முதல்நாள் அன்பினால் விழுந்த வில் இன்று துயரத்தினால் விழுந்தது. பின் அதனை எடுத்துக்கொண்டு, தீங்கிழைத்தவர் யாரென்று மலையெங்கும் தேடினார், ஒருவரையும் காணவில்லை. பச்சிலை கொணர்ந்து பிழிந்தார், குருதி நிற்கவில்லை. ஊனுற்ற நோய்க்கு ஊனே மருந்தாகும் என்று வேடர் சொல்லும் வைத்தியம் நினைவுக்கு வந்தது. மகிழ்ந்தார். அம்பினால் தம் கண்ணை அகழ்ந்து எடுத்து அப்பினார். குருதி நின்றது. தோள் கொட்டிக் கூத்தாடினார்.

உடனே மற்றைக் கண்ணிலும் குருதி பெருகிற்று. இம்முறை அவர் கலங்கவில்லை. மருந்து கைவசம் இருந்தது. ஆனால் இரண்டாம் கண்ணையும் எடுத்துவிட்டால் அப்பவேண்டிய இடம் தெரியாதே என்று எண்ணி, அடையாளத்திற்காகத் தம் பாதத்தை இறைவனின் கண்மீது ஊன்றிக்கொண்டு அம்பை எடுத்தார். பொறுப்பாரா பெருமான்? இலிங்கத்தினின்று திருக்கரம் நீண்டு அக்கையைப் பற்றியது. நிற்குமாறு மும்முறை கண்ணப்பன் என்று பெயர் சொல்லி அழைத்தது. அன்று முதல் திண்ணனார் கண்ணப்பர் ஆனார். இறைவன் தம் வலப்பக்கத்தில் நிலைத்து நிற்கும் பேற்றினை அவருக்கு அருளினார். மறைந்திருந்த சிவகோசரியார் அன்பின் முழு வடிவத்தையும் அன்று கண்ணாரக் கண்டார்.

சங்கரர் அருளியதாகப் போற்றப்படும் சிவானந்த லஹரியும் இவரை மறக்கவில்லை. வழிநடந்து தேய்ந்த செருப்பு பூசைக்குரிய தருப்பைக் கூர்ச்சமாயிற்று என்று வியந்து, அன்பு செய்ய இயலாதது எது என்று அந்நூல் கேட்கின்றது. இன்றும் திருக்காளத்தியில் மகா சிவராத்திரிப் பெருவிழா தொடங்கும்போது, முதற்கொடி ஏறுவது சுவாமி சந்நிதியில் அன்று. மலைமேலுள்ள கண்ணப்பர் கோயிலிலேயே ஆகும். அடியவர்க்கு முதல் மரியாதை, ஆண்டவனுக்கு அடுத்த மரியாதை என்பது அத்தலத்தின் முறை.

நமக்குரிய பாடம்

இனிப் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு வருவோம். கண்ணப்பர் செய்ததை நாமும் செய்யலாமா எனின், கூடாது என்பதே விடை. அவர் விதியை மீறியவர் அல்லர், விதியை அறியாதவர். அறிந்ததெல்லாம் வேட்டை, இருந்ததெல்லாம் வேட்டைக் கோலம், அவை முழுவதையும் கொடுத்தார். இறுதியில் கண்ணையும் கொடுத்தார். விதியை அறிந்த நாம் அதனை விடுவதற்குக் கண்ணப்பரைச் சான்று காட்டுவோமானால், அவருடைய செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அன்பை விட்டுவிட்டவர் ஆவோம். சிவகோசரியாரின் பூசையை இறைவன் மறுக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. ஆகம நெறியும் வேண்டும். அதனுள் உயிராக அன்பும் வேண்டும். முன்னதைச் சிவகோசரியாரிடமும் பின்னதைக் கண்ணப்பரிடமும் நாம் கற்கவேண்டும்.

தண்ணீர்மலையில் 2012ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட மலைக்கோயிலுக்கு 513 படிகள். சுடும் தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடந்துவந்து அப்படிகளில் ஏறும் காவடி அன்பரும் ஒரு கோலம் புனைகின்றார். மஞ்சளாடை, திருநீறு, காலில் சலங்கை, தோளில் மயிற்பீலி. திண்ணனார் முதல் வேட்டைக்குச் சூடிய அதே மயிற்பீலி. அவர் அன்பினால் செருப்பணிந்ததை மறந்தார். நாம் அன்பினால் செருப்பைக் களைகின்றோம். இரண்டும் ஒரே இடத்திற்கே செல்கின்றன.

ஆயினும் இவ்வரலாறு நம்மிடம் ஒன்றைக் கேட்கின்றது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, சீருடை மாற்ற நேரமின்றி, கண்ணில் உறக்கமும் கையில் ஒரு முழம் பூவுமாக விடியற்காலையில் கோயில் வாசலுக்கு வரும் இளைஞரை நாம் எப்படிப் பார்க்கின்றோம்? துறைமுக வேலையின் அழுக்குப் படிந்த சட்டையோடு ஓரமாக நின்று கும்பிட்டுச் செல்பவரை எப்படிப் பார்க்கின்றோம்? அவர்கள் அணிந்திருப்பது அவர்தம் வேட்டைக் கோலம். குடும்பத்தைக் காக்கப் புறப்பட்ட கோலம். முறையான உடையின் சிறப்பை அவர்களுக்கு அன்போடு எடுத்துரைப்பது நம் கடமை. ஒரு கடுஞ்சொல்லால் வாசலிலிருந்து திருப்பி அனுப்புவது நம் உரிமையன்று. காளத்தியப்பரே செருப்படியைப் பொறுத்தார்; பொறுத்தது மட்டுமன்று, விரும்பினார்.

இவ்வாண்டு தைப்பூசத்திற்கு ஆயத்தமாகும் அன்பர்கள், அதற்கு முன்வரும் தை மிருகசீரிட நாளில் வீட்டில் ஒரு விளக்கேற்றிக் கண்ணப்பரை நினைந்து வணங்குவார்களாக. காவடிக்குப் பீலி சேர்க்கும் கைகள், மலைநாட்டு வேடர் ஒருவர் முடித்துக் கட்டிய குடுமியையும் அதில் அவர் சுமந்து வந்த பூவையும் ஒருகணம் எண்ணுவனவாக. எண்ணின், நாம் உடுத்தும் உடை எதுவாயினும் அது வழிபாட்டுக் கோலமாக மாறும்.

கண்ணப்ப நாயனார் திருவடி வாழ்க!

திருச்சிற்றம்பலம்.